வீட்டில் கட்டிய பைப்ளேன்: அடுத்து எதில் கை வைப்பது?

"அண்ணா, பைப்ளேன் நல்லாப் பறக்குது. ஆனா இறக்கும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கமா சரிஞ்சு விழுது. கையில மூவாயிரம் ரூபாய் இருக்கு. பெரிய மோட்டார் போடவா, கைரோ போடவா?"

ரிமோட்டில் ஓட்டும் மாடல் பைப்ளேனை, அதாவது மேலும் கீழுமாக இரண்டு இறக்கை உள்ள விமானத்தை, வீட்டிலேயே கட்டிய ஒரு கல்லூரித் தம்பி கேட்டது. கைரோ என்றால் விமானம் ஆடுவதை உணர்ந்து தானாகத் திருத்தும் சிறு கருவி. இதே கேள்வியை வேறு வேறு விதமாகப் பலர் கேட்டிருக்கிறார்கள். ஃபோம் போர்டை வெட்டி, குளூ கன்னால் ஒட்டி, மேல் இறக்கையையும் கீழ் இறக்கையையும் மூங்கில் குச்சிகளால் இணைத்து, ஒருவழியாக ஆகாயத்தில் ஏற்றியும் விடுகிறார்கள். திண்டாட்டம் அதற்குப் பிறகுதான். விமானம் பறக்கிறது, ஓட்டுகிறவருக்கு நிம்மதி இல்லை. எதையாவது மாற்றியாக வேண்டும். எதை?

எனக்குப் பைப்ளேன்மேல் தனிப் பிரியம். சாயங்கால வெயில் இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே புகுந்து வர, அது மெதுவாகத் தலைக்குமேல் திரும்பும் அழகு வேறு எந்த மாடலிலும் கிடைக்காது. அந்தப் பிரியத்தில் பணத்தையும் நேரத்தையும் தப்பான இடத்தில் கொட்டியிருக்கிறேன். அதனால்தான் எல்லா வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கணக்குக்கு ஒரு விமானம்

பேச்சு அந்தரத்தில் நிற்கக் கூடாது. ஆகவே என்னுடைய இரண்டாவது பைப்ளேனையே எடுத்துக்கொள்கிறேன். இறக்கை விரிவு 1 மீட்டர், அகலம் 18 செ.மீ., மேலும் கீழும் ஒரே அளவு. இரண்டுக்கும் இடைவெளி 18 செ.மீ. மேல் இறக்கை கீழ் இறக்கையைவிட 5 செ.மீ. முன்னால் தள்ளி நிற்கும். மொத்த இறக்கைப் பரப்பு 36 சதுர டெசிமீட்டர். பறக்கத் தயாரான எடை 1150 கிராம். ஆக, ஒவ்வொரு சதுர டெசிமீட்டரும் 32 கிராமைத் தூக்க வேண்டும்.

மோட்டார் 2212 அளவு, 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 1000 சுற்று). ப்ரொப்பெல்லர் 10×4.5, அதாவது விட்டம் 10 அங்குலம், பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) 4.5 அங்குலம். பேட்டரி 3 செல், 2200 எம்.ஏ.எச். லிப்போ. இழுவிசை ஏறத்தாழ 800 கிராம். எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையில் இருக்கும் அசையும் மடல்) கிடையாது. மூக்கை இடவலமாகத் திருப்பும் ரட்டர், மேலும் கீழுமாகத் திருப்பும் எலிவேட்டர், மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் மட்டும். மூக்கு குட்டை என்பதால் சி.ஜி. (விமானத்தின் எடை சமநிலையாகும் புள்ளி) சரியாக வர, மோட்டாருக்குப் பின்னால் 80 கிராம் ஈயம் வைத்திருந்தேன். அந்த ஈயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

இந்த எடைக்கும் பரப்புக்கும் நம் ஊர் வெப்பக் காற்றில் ஸ்டால் ஆகும் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கையால் விமானத்தைத் தாங்க முடியாது) மணிக்குச் சுமார் 26 கி.மீ. என்று வருகிறது.

எதை வைத்து முடிவெடுப்பது

என் முதல் அளவுகோல், இறங்கும்போது என்ன ஆகிறது என்பது. ஒற்றை இறக்கை விமானத்தில் த்ராட்டிலை மூடினாலும் அது கொஞ்ச தூரம் மிதந்து வரும். பைப்ளேனில் இரண்டு இறக்கை, நடுவில் குச்சிகள், நூல்கள், வெளியே தொங்கும் சக்கரம் என்று காற்றைத் தடுக்க ஏகப்பட்டது இருக்கிறது. மோட்டாரை மூடினால் இரண்டே நொடியில் வேகம் வடிந்துவிடும். நான் பார்த்த உடைசல்களில் பெரும்பாலானவை தரைக்கு ஐந்தடி உயரத்தில் நடந்தவை. எனவே, ஒரு மாற்றம் இறக்குவதைச் சுலபமாக்குகிறதா என்பதற்குத்தான் அதிக மதிப்பெண்.

இரண்டாவது, எடை கூடுமா குறையுமா. மூன்றாவது, கடைச் சீட்டில் தெரியாத செலவு. மோட்டாரை மாற்றினால் இ.எஸ்.சி.யும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) மாற வேண்டிவரும், அதன் பின்னாலேயே பேட்டரியும் வரும். நான்காவது, பிடிக்காவிட்டால் பழையபடி ஆக்க முடியுமா.

ஐந்தாவதைப் பலரும் கேட்பதில்லை: இந்த மாற்றம் குறையைத் தீர்க்கிறதா, மூடி மறைக்கிறதா? மறைக்கிற மாற்றம் பத்து நாள் சந்தோஷம் தரும். பதினோராவது நாள் காற்று கொஞ்சம் மாறினால் பழைய குறை அப்படியே வெளியே வந்து நிற்கும்.

ஒரே பார்வையில்

| வழி | எனக்கு ஆன கைச்செலவு | எடை | இறக்கும்போது | பழையபடி ஆக்கலாமா | குறை |
|---|---|---|---|---|---|
| எடை குறைப்பு | ரூ. 200–400 | 150 கிராம் குறையும் | தெளிவாகச் சுலபமாகும் | பாதி முடியும் | தீரும் |
| இறக்கைக் கோணம், சி.ஜி. | ஏறக்குறைய ஒன்றுமில்லை | மாறாது | மிகவும் சுலபமாகும் | முழுதாக முடியும் | தீரும் |
| மோட்டார், ப்ரொப்பெல்லர் | ரூ. 150 முதல் 2,500 வரை | 0–30 கிராம் கூடும் | அவசரத்துக்குக் கைகொடுக்கும் | முடியும் | பாதி தீரும் |
| எய்லரான் | ரூ. 300–500 | சுமார் 30 கிராம் கூடும் | காற்றில் உதவும், மெதுவேகத்தில் ஆபத்து | முடியாது | குறையைப் பொறுத்தது |
| கைரோ | ரூ. 2,000க்கு மேல் | சுமார் 10 கிராம் கூடும் | நடுக்கம் குறையும் | முடியும் | பெரும்பாலும் மறையும் |

வழி 1: எடையைக் குறைப்பது

இதில் தொடங்குகிறவர்கள் குறைவு. வாங்கிப் போடுவதில் இருக்கிற உற்சாகம் அறுத்து எடுப்பதில் இருப்பதில்லை. ஆனால் பைப்ளேனுக்கு இதைவிட நல்ல வைத்தியம் கிடையாது என்பது என் அனுபவம். அதற்குக் காரணம் அந்தக் குட்டை மூக்கு.

என் விமானத்தில் சி.ஜி.யிலிருந்து வால் 54 செ.மீ. பின்னால் இருந்தது. ஈயம் 18 செ.மீ. முன்னால். மூன்று மடங்கு. அதாவது வாலில் நான் அசட்டையாக விட்ட ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் மூன்று கிராம் ஈயம் வைத்து ஈடுகட்டியிருக்கிறேன். வாலில் ஒன்று, மூக்கில் மூன்று, ஆக நான்கு.

சமையல் தராசில் வாலை மட்டும் வைத்துப் பார்த்தேன்: 54 கிராம். இரு பக்கமும் காகிதம் ஒட்டிய 5 மி.மீ. ஃபோம் போர்டு, மேலே பளபளவென்று கலர் டேப், ரட்டர் கீலில் தாராளமாகக் குளூ. காகிதத்தை ஒரு பக்கம் ஈரத்துணியால் நனைத்து உரித்து, வளையாமல் இருக்க மெல்லிய கார்பன் பட்டை ஒன்று பதித்து, டேப்பை எடுத்துவிட்டு வண்ணத்தை மட்டும் லேசாகப் பூசினேன். 36 கிராமுக்கு வந்தது. வாலில் குறைந்தது 18 கிராம். மூக்கில் எடுக்க முடிந்த ஈயம் 54 கிராம்.

அடுத்தது புஷ்ராடு, அதாவது ரட்டரையும் எலிவேட்டரையும் தள்ளி இழுக்கும் கம்பி. சர்வோவிலிருந்து (அந்தக் கம்பியை அசைக்கும் சிறு மோட்டார்) வாலுக்கு சைக்கிள் ஸ்போக் தடிமனில் கம்பியை வளைத்துப் போட்டிருந்தேன். 2 மி.மீ. எஃகுக் கம்பி மீட்டருக்குக் கிட்டத்தட்ட 25 கிராம் வரும். இரண்டு கம்பிகளும் சேர்ந்து 27 கிராம். அதற்குப் பதில் 1 மி.மீ. கம்பியை பிளாஸ்டிக் குழாய்க்குள் ஓடவிட்டேன், குழாயோடு சேர்த்து 11 கிராம். அதனால் இன்னும் 24 கிராம் ஈயம் தேவையற்றுப் போயிற்று. 80 கிராம் ஈயத்தில் கடைசியில் ஒரு பட்டாணி அளவுதான் மிச்சம். ரப்பர் சக்கரங்களை எடுத்துவிட்டு ஃபோம் சக்கரம் போட்டதில் 28 கிராம். குளூவை ஓர் இரவு முழுக்கச் சுரண்டியதில் 10 கிராம். 25 செ.மீ. நீளத் தடித்த குளூ குச்சி ஒன்றே ஏறத்தாழ 22 கிராம் இருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

1150, ஏறக்குறைய 1000 ஆயிற்று. ஸ்டால் வேகம் 26இலிருந்து சுமார் 24க்கு இறங்கியது. இவ்வளவுதானா என்று தோன்றும். எடை 13 சதவீதம் குறைந்தால் வேகம் 7 சதவீதம்தான் குறையும். வர்க்கமூலக் கணக்கு அப்படி. ஆனால் தரையில் மோதும்போது உடைப்பது எடையும் வேகத்தின் வர்க்கமும் சேர்ந்த ஆற்றல். அது கால்பங்கு குறைந்துவிடுகிறது. முன்பு லேண்டிங் கியரை (சக்கரங்களைத் தாங்கும் கால்) பிடுங்கிக்கொண்டு போன அதே மோசமான இறக்கம் இப்போது ஒரு குதியோடு முடிகிறது.

மறைந்த செலவும் உண்டு. உற்சாகத்தில் எல்லாவற்றையும் உரித்துவிடக் கூடாது. மேல் இறக்கையை உடலோடு தாங்கும் நடுக்குச்சிகள், கீழ் இறக்கையின் நடு ஸ்பார் (இறக்கையின் நீளத்துக்கு ஓடும் முதுகெலும்புக் குச்சி), லேண்டிங் கியர் ஏறும் ப்ளைவுட் துண்டு ஆகிய மூன்றிலும் கை வைக்காதீர்கள். இன்னொன்று: வால் மெலிந்து நெளிய ஆரம்பித்தால் வேகமாகப் பறக்கும்போது படபடவென்று அடித்துக்கொள்ளும். விரலால் எலிவேட்டரைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். நெளிந்தால் அளவு தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மூக்கில் ஈயம் இருக்கிற எல்லாருக்கும் முதல் வேலை இதுதான். ஈயம் இல்லாமலே சி.ஜி. சரியாக வந்து, ஒரு சதுர டெசிமீட்டருக்கான எடையும் 25 கிராமுக்குக் கீழ் இருக்கிறது என்றால் இதைத் தாண்டிப் போய்விடலாம்.

வழி 2: இறக்கைக் கோணமும் சி.ஜி.யும்

காசு ஆகாத வழி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போய்விடும் என்பதுதான் இதன் விலை.

முதலில் சி.ஜி. பைப்ளேனில் இதை எங்கே வைப்பது என்று பலரும் குழம்புகிறார்கள். சம அளவு இறக்கைகள் என்றால் கணக்கு எளிது. மேல் இறக்கை 5 செ.மீ. முன்னால் நிற்கிறது. இரண்டுக்கும் பதிலாக ஒரே இறக்கை இருப்பதாக வைத்துக்கொண்டால், அதன் முன்விளிம்பு இரண்டின் நடுவில், மேல் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 25 மி.மீ. பின்னால் வரும். 18 செ.மீ. அகலத்தில் கால்பங்கு 45 மி.மீ. இரண்டையும் கூட்டினால் 70 மி.மீ. முதல் பறப்புக்கு அதிலும் கொஞ்சம் முன்னால், 65இல் வையுங்கள். மேல் இறக்கையின் அடியில் அந்த இடத்தில் இரு பக்கமும் பேனாவால் கோடு போட்டு, இரண்டு விரலால் தூக்குங்கள். மூக்கு சற்றே தாழ்ந்து நின்றால் சரி. பிறகு ஒவ்வொரு பறப்புக்கும் 2–3 மி.மீ. பின்னால் நகர்த்திப் பார்க்கலாம்.

அடுத்து கோணம், அதாவது இறக்கையின் முன்விளிம்பு பின்விளிம்பைவிட எவ்வளவு தூக்கி நிற்கிறது என்பது. 18 செ.மீ. அகலத்துக்கு ஒரு டிகிரி என்பது 3 மி.மீ.தான். பின்விளிம்பு 3 மி.மீ. ஏறினாலோ இறங்கினாலோ ஒரு டிகிரி மாறிவிடும். மேல் இறக்கை முன்னால் நிற்கும் பைப்ளேனில் அதன் கோணத்தைக் கீழ் இறக்கையைவிட அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை கூடுதலாக வைத்தால் ஒரு நல்லது நடக்கும். வேகம் குறையும்போது மேல் இறக்கை முதலில் ஸ்டால் ஆகும், கீழ் இறக்கை இன்னும் தாங்கிக்கொண்டிருக்கும். மூக்கு தானாகத் தாழ்ந்து வேகம் மறுபடி கூடும். இரண்டும் ஒரே நேரத்தில் கைவிட்டால் சட்டென்று விழும்.

இதைவிட முக்கியமானது இடதும் வலதும் ஒத்திருப்பது. இங்கே எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஒரு சித்திரை மாத மதியம் விமானத்தைக் காரின் பின்சீட்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அன்றிலிருந்து பறக்கும்போது வலது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. ரிமோட்டில் ரட்டர் ட்ரிம்மை (ரட்டரின் நடுநிலையைச் சற்றே நகர்த்தும் பொத்தான்) நாலு க்ளிக் இடப்பக்கம் தள்ளினேன், நேராகப் பறந்தது. பிரச்சினை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மெதுவாக இறக்கும் ஒவ்வொரு முறையும் இடது இறக்கை சடாரென்று கீழே போனது. மூன்று வாரம், இரண்டு ப்ரொப்பெல்லர், ஒரு லேண்டிங் கியர் போன பிறகு, விமானத்தை மேஜைமேல் வைத்துப் பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். மேல் இறக்கையின் இடது நுனியில் பின்விளிம்பு வலதைவிட 4 மி.மீ. கீழே இறங்கியிருந்தது. வெயிலில் ஃபோம் முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஒரு டிகிரிக்கும் கூடுதலான கோணம். வேகமாகப் போகும்போது அந்தப் பக்கம் அதிகமாகத் தூக்கியதால் வலது பக்கம் சாய்ந்தது. வேகம் குறைந்ததும் அதே பக்கம்தான் முதலில் ஸ்டால் ஆயிற்று. ஹேர் டிரையரால் சூடாக்கி, எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்து ஆறவிட்டேன். குறுக்கு நூல்களை அவிழ்த்து மறுபடி இழுத்துக் கட்டினேன். இடது சரிவு அன்றோடு நின்றது.

தம்பியின் கேள்வியில் "ஒரு பக்கமா சரிஞ்சு" என்ற வார்த்தையைக் கேட்டதுமே என் மனம் இங்கேதான் போனது.

அளக்கப் பெரிய கருவி வேண்டாம். ஃபோம் போர்டில் இறக்கையின் வளைவுக்குப் பொருந்தும் சட்டம் ஒன்று வெட்டி, அதன்மேல் கைப்பேசியை வைத்து லெவல் ஆப்பில் டிகிரி பாருங்கள். ஒவ்வொரு இறக்கையிலும் அடிப்பகுதி, நுனி, இடது, வலது, மேல், கீழ். எட்டு எண்கள். தாளில் எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கோளாறு தானே கண்ணில் படும்.

இதில் மறைந்த செலவு ஒன்றுதான். வேலை ஒருமுறையோடு முடியாது. மூங்கில் குச்சியும் நூலும் தளரும், ஃபோம் வெயிலில் வளையும். இறக்கையைக் கழற்றி மாட்டும் வகையில் கட்டியிருந்தால் ஒவ்வொரு முறை மாட்டும்போதும் கோணம் மாறக்கூடும்.

வழி 3: மோட்டாரும் ப்ரொப்பெல்லரும்

எல்லாருக்கும் முதலில் தோன்றும் ஆசை. தப்பில்லை. ஆனால் மோட்டாருக்கு முன்னால் ப்ரொப்பெல்லரைப் பாருங்கள்.

10×4.5 ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு 8000 சுற்று சுற்றினால், அது காற்றைத் தள்ளும் வேகம் மணிக்கு 55 கி.மீ. நம் விமானம் ஸ்டால் ஆவது 26இல். இரண்டு மடங்குக்கு மேல் கையிருப்பு இருக்கிறது. வேகம் போதவில்லை என்பது பைப்ளேனில் அநேகமாக உண்மையாக இருக்காது. போதாமல் இருப்பது இழுவிசை. எனவே பிட்ச் எண்ணைக் கூட்டாதீர்கள், விட்டத்தைக் கூட்டுங்கள். 10×4.5க்குப் பதில் 11×4.7. விலை நூற்றைம்பது ரூபாய்.

இங்கேதான் கணக்குப் பார்க்காமல் பலர் மோட்டாரைக் கருக்குகிறார்கள். ஒரே சுற்று வேகத்தில் ப்ரொப்பெல்லர் கேட்கும் சக்தி, விட்டத்தின் நான்காம் அடுக்காக ஏறும். 10 அங்குலத்திலிருந்து 11க்குப் போனால் 46 சதவீதம், பிட்ச்சையும் சேர்த்தால் 50 சதவீதத்துக்கு மேல். சுற்று கொஞ்சம் குறைவதால் அவ்வளவும் ஏறாது என்றாலும் ஆம்பியர் நன்றாகவே கூடும். வாட் மீட்டர் போட்டு அளந்துவிட்டுத்தான் பறக்கவிட வேண்டும். மீட்டர் இல்லையென்றால் அரை நிமிடம் முழு த்ராட்டிலில் தரையில் ஓட்டி, நிறுத்தி, பேட்டரியைக் கழற்றிய பின் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அந்த ப்ரொப்பெல்லர் அந்த மோட்டாருக்கு அல்ல. பழைய விமானத் தோற்றத்துக்காக முன்னால் வட்டக் கவுலிங் (மோட்டாரை மூடும் கூடு) மாட்டியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். காற்று உள்ளே வரும் வாயைவிட வெளியே போகும் வழி பெரிதாக இருக்க வேண்டும்.

மோட்டாரையே மாற்றுவதானால் குறைந்த கேவி, பெரிய உடல், பெரிய ப்ரொப்பெல்லர் என்று போங்கள். 25–30 கிராம் எடை கூடும். ஆனால் பைப்ளேனில் இது நஷ்டமில்லாத கூடுதல். மூக்கில் சும்மா கிடக்கும் ஈயத்தின் இடத்தை மோட்டார் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஈயம் எதையும் சுற்றாது, மோட்டார் சுற்றும். அதனால்தான் எடை குறைப்பும் மோட்டார் மாற்றமும் ஒன்றையொன்று பார்த்துச் செய்ய வேண்டியவை. ஈயம் முழுவதையும் எடுத்துவிட்ட பிறகு கனமான மோட்டார் வாங்கினால் மூக்கு கனக்கும், வாலில் எடை சேர்க்கத் தோன்றும். நான்கு கிராம் கணக்கு தலைகீழாகத் திரும்பி வரும்.

மறைந்த செலவுகள் வரிசையாக வரும். 30 ஆம்பியர் இ.எஸ்.சி. போதாமல் 40. பேட்டரியின் சி-ரேட்டிங் (எவ்வளவு மின்னோட்டம் தர முடியும் என்ற அளவு) போதாமல் புதுப் பேட்டரி. ப்ரொப்பெல்லர் தரையில் இடிக்காமல் இருக்க உயரமான லேண்டிங் கியர். முறுக்கு விசை கூடுவதால் ஓடுபாதையில் இடப்பக்கம் இழுக்கும். மோட்டாரை வலப்பக்கமாக 2–3 டிகிரி திருப்பி வைக்க வேண்டும்.

புல்லும் கரடுமுரடும் இருக்கிற தரையிலிருந்து ஏற்றுகிறவர்களுக்கும், லூப் போடும்போது உச்சியில் திணறுகிறவர்களுக்கும், இழுவிசை விமான எடையில் பாதிக்கும் கீழ் இருக்கிறவர்களுக்கும் இது சரியான வழி. இறங்கும்போது மட்டும்தான் தொல்லை என்றால் இது மருந்தல்ல. த்ராட்டிலைக் கொடுத்துத் தப்பிக்கலாம். ஒவ்வொரு முறையும் தப்பிக்க வேண்டியிருக்கும்.

வழி 4: எய்லரான்

நிஜ விமானங்களிலேயே இதில் இரண்டு கட்சி உண்டு. 1931இல் முதன்முதலாகப் பறந்த டைகர் மாத், அமெரிக்காவின் ஸ்டியர்மேன் ஆகிய பயிற்சி விமானங்களில் எய்லரான் கீழ் இறக்கையில் மட்டும். முதல் உலகப் போரின் சாப்வித் கேமலிலும், சாகசப் பறப்புக்குப் பெயர்போன பிட்ஸ் எஸ்-1எஸ்ஸிலும் நான்கு இறக்கைப் பகுதிகளிலும் உண்டு. மாணவர் ஓட்டும் விமானத்துக்கு இரண்டு, சட்டென்று புரள வேண்டிய விமானத்துக்கு நான்கு.

நம் ஒரு மீட்டர் விமானத்துக்குக் கீழ் இறக்கையில் இரண்டு போதும். சர்வோ ஒயரும் உடலுக்குப் பக்கத்திலேயே முடிந்துவிடும். நான்கு போடுவதானால் மேலையும் கீழையும் இணைக்கும் கம்பி வேண்டும். அந்தக் கம்பியின் மூட்டில் சிறு ஆட்டம் இருந்தாலும் வேகத்தில் நடுங்கும்.

டைகர் மாத்திலிருந்து ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதில் எய்லரான் மேலே நிறைய ஏறும், கீழே மிகக் கொஞ்சம்தான் இறங்கும். கீழே இறங்கும் எய்லரான் காற்றை இழுத்துப் பிடித்து மூக்கை எதிர்ப்பக்கம் திருப்புவதால் அந்த ஏற்பாடு. இரண்டு சர்வோக்களையும் தனித்தனி சேனலில் (ரிமோட்டின் கட்டளை வழி) மாட்டி, மேலே 15 மி.மீ., கீழே 6 மி.மீ. என்று வைத்துப் பாருங்கள். அப்படியும் ரட்டரைச் சேர்த்துக் கொடுத்தால்தான் பைப்ளேன் அழகாகத் திரும்பும்.

செலவு இரண்டு 9 கிராம் சர்வோ. மறைந்த செலவு உங்கள் கைப்பழக்கம். ரட்டரில் ஓட்டிப் பழகியவர் எய்லரானுக்கு மாறியதும் மெதுவேகத்தில் சரியும் இறக்கையை எய்லரானால் தூக்கப் பார்ப்பார். அந்த இறக்கை ஏற்கெனவே ஸ்டாலின் விளிம்பில் இருக்கிறது. எய்லரான் இறங்கினால் இன்னும் மோசமாகி விழும். இறக்கையை வெட்டிய பிறகு பழையபடி ஒட்டவும் முடியாது.

குறுக்குக் காற்றில் அடிக்கடி பறக்கிறவர்களும், மூன்று சேனலில் கை நன்றாகப் பழகி அடுத்த படி வேண்டும் என்கிறவர்களும் போடலாம். இறக்கும்போது சரிகிறது என்பதற்காகப் போடாதீர்கள்.

வழி 5: கைரோ

கோவையில் ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மாடல் ஓட்டுகிறவர்களைப் படுத்தி எடுத்துவிடும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். ஒரு கிலோ ஃபோம் எம்மாத்திரம்? அந்த மாதங்களில் கைரோ பெரிய துணை. இறக்கை ஆடும்போதே அது சர்வோவுக்குச் சொல்லித் திருத்திவிடும். ஆசையாகக் கட்டியதை வீட்டில் மாட்டி வைத்துவிட்டு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் ஐந்தாவது அளவுகோலில் இது தோற்கிறது. முறுக்கிய இறக்கையும் பின்தங்கிய சி.ஜி.யும் கைரோவுக்குக் கீழே அப்படியே இருக்கும். நல்ல வேகத்தில் கைரோ சமாளித்துவிடும். ஸ்டால் ஆன இறக்கையில் சர்வோ எவ்வளவு அசைந்தாலும் பிடிக்கக் காற்று இல்லை. அப்போது கைரோ எய்லரானைக் கீழே இறக்கி, போன பகுதியில் சொன்ன அதே தப்பை உங்களைவிட வேகமாகச் செய்யும்.

இன்னொரு ஆபத்து திசை. ஒருமுறை கைரோவைக் கழற்றி வேறு பக்கம் பார்த்து ஒட்டினேன். ரிமோட்டில் எல்லாம் சரியாகவே அசைந்தது. தரையை விட்டு எழுந்த மூன்றாவது நொடியில் விமானம் மல்லாந்து விழுந்தது. கைரோ எதிர்த்திசையில் திருத்திக்கொண்டிருந்திருக்கிறது. அன்று உடைந்த மேல் இறக்கையை இன்னும் வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் பறக்கும் முன் விமானத்தைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்க்கிறேன். மூக்கைத் தாழ்த்தினால் எலிவேட்டர் மேலே ஏற வேண்டும். இடது இறக்கையைத் தாழ்த்தினால் இடது எய்லரான் கீழே இறங்க வேண்டும். மூக்கை இடப்பக்கம் திருப்பினால் ரட்டர் வலப்பக்கம் போக வேண்டும்.

சர்வோக்கள் ஓயாமல் அசைவதால் பிளாஸ்டிக் பல் சீக்கிரம் தேயும்; மின்சாரமும் கூடுதலாகப் போகும். அதுவும் செலவுக் கணக்கில் சேரும்.

புதிதாகவே கட்டிவிடலாமா?

உடல் வளைந்து, ஒட்டிய இடமெல்லாம் மறுபடி ஒட்டி, எடை 1300ஐத் தாண்டிவிட்டது என்றால் கட்டிவிடுங்கள். மின்சாதனம் எல்லாம் பழையதிலிருந்து எடுத்துப் பொருத்திக்கொள்ளலாம், ஃபோம் போர்டு மட்டும்தான் செலவு. மூக்கை 4 செ.மீ. நீட்டிக் கட்டுங்கள். ஈயத் தொல்லையில் பாதி அதிலேயே போய்விடும்.

யாருக்கு எது

இறங்கும்போது ஒரே பக்கம் சரிந்தால், எப்போதும் அதே பக்கம் என்றால், கோணத்தைப் பாருங்கள். எந்தப் பக்கம் என்றில்லாமல் சரிந்தால் சி.ஜி. பின்னால் போயிருக்கலாம், அல்லது மிக மெதுவாக இறக்குகிறீர்கள், எடையைக் குறையுங்கள். ஏறவே திணறினால் ப்ரொப்பெல்லர், பிறகு மோட்டார். திரும்பச் சோம்பலாக இருந்தால் எய்லரான். எல்லாம் சரியாக இருந்து காற்று மட்டும்தான் எதிரி என்றால் கைரோ.

என் வரிசையைக் கேட்டால்: கோணமும் சி.ஜி.யும், எடை, ப்ரொப்பெல்லர், எய்லரான், கைரோ. மூக்கில் ஈயம் இருப்பவர்கள் மட்டும் எடையில் தொடங்கி, பிறகு கோணத்துக்கு வரலாம்.

மாற்றியபின் முதல் பறப்பு

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது கெடுத்தது, எது திருத்தியது என்று தெரியாது.

இடம் முக்கியம். ஆளில்லா விமானங்களை எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை மண்டலமா என்று பார்த்துவிட்டுப் போங்கள். கோவையில் பீளமேடு விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் இருப்பதால் நாங்கள் நல்ல தூரம் தள்ளித்தான் போகிறோம். தண்ணீர் வற்றிய குளத்துப் படுகை, அறுவடை முடிந்த சோளக்காடு, காலை ஆறரை மணி.

மேலே ஏறியதும் இறக்கப் பார்க்காதீர்கள். நூறடி உயரத்தில் காற்றுக்கு எதிராக நேராகப் பிடித்து, த்ராட்டிலைக் கால்பங்குக்குக் குறைத்து, எலிவேட்டரை மெல்ல மெல்ல இழுங்கள். மூக்கு நேராகத் தாழ்கிறதா, ஏதாவது ஒரு பக்கம் விழுகிறதா? மூன்று முறை செய்து, பக்கத்தில் நிற்பவரை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தரைக்கு ஐந்தடியில் தெரியவேண்டியதை நூறடியிலேயே தெரிந்துகொண்டால் விமானம் முழுதாக வீட்டுக்கு வரும்.

தம்பிக்கு மூவாயிரத்தை அப்படியே பையில் வைக்கச் சொன்னேன். எட்டுக் கோணங்களையும் வாலின் எடையையும் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கத்து மேல் இறக்கையை முதலில் அளக்கச் சொன்னேன்.